ஒரு தட்டும் இரண்டு பெட்டிகளும்

ஓர் உறையில் இரண்டு வாள் இருத்தல் இயலாது என்பது நம் முன்னோர் வாக்கு. வாளும் உறையும் வழக்கொழிந்த இக்காலத்திலும் அவ்வாக்குப் பொய்த்துவிடவில்லை. கூரைமீது நிற்கும் டிஷ் அன்டனாவிலிருந்து இறங்கிவரும் ஒற்றைக் கேபிளில் இரண்டு ரிசீவர் பெட்டிகளைப் பூட்ட முயல்வோர் அதன் உண்மையை அனுபவத்தில் அறிவர்.

வரக்காப்பொலையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலும், கண்டி வீதியை அடுத்த குடியிருப்புக்களிலும் இன்று டிஷ் இல்லாத கூரையைக் காண்பது அரிது. மாலையானதும் பாட்டிக்குத் தொடர் நாடகம் வேண்டும்; தந்தையாருக்குச் செய்தி வேண்டும்; இளைஞருக்குக் கிரிக்கெட் வேண்டும். கொழும்பில் தொழில் பார்க்கும் மூத்த மகன் இரண்டாவது தொலைக்காட்சி ஒன்றை வாங்கி வருகின்றான். அதன் பின்னரே வினா எழுகின்றது: இரண்டாவது பெட்டிக்கு இரண்டாவது தட்டும் வேண்டுமா? எம்மிடம் பயிலும் மாணவர் பலர் இதனை வினவியுள்ளமையால் இவ்வாரம் இதனையே எடுத்துக்கொண்டோம்.

விடை காணுமுன் தட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்துடன் ஒத்துச் சுற்றுவதால் நமக்கு ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, 2008ஆம் ஆண்டில் கொழும்பிலே காலமானார்.

1975ஆம் ஆண்டில் இந்தியா, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய காலத்தில், இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் பெரியதொரு தட்டினை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையின் தொலைக்காட்சிச் சேவை 1979ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். அக்கிராமங்களில் ஊருக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெட்டி. ஊரார் அனைவரும் ஒருங்கிருந்து ஒன்றையே பார்த்தனர். அங்கே தெரிவும் இல்லை. ஆகவே பிணக்கும் இல்லை. நமது தொல்லையோ தெரிவு பெருகியமையால் விளைந்தது.

அது எங்ஙனம் என்று பார்ப்போம். தட்டானது வானலைகளைத் திரட்டித் தன் முன்னே நீண்ட கம்பின் நுனியிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவியிற் குவிக்கின்றது. வந்து சேரும் அலைகள் மிக வேகமாக அதிர்வன. கேபிளில் நெடுந்தூரம் செல்லமாட்டா. எல்.என்.பி. அவற்றின் அதிர்வைக் குறைத்து, வலுவூட்டி, வீட்டினுள்ளே அனுப்புகின்றது. அலைகளில் நிமிர்ந்து அதிர்வனவும் உண்டு, கிடையாக அதிர்வனவும் உண்டு. அவற்றுள் எது வேண்டும் என்பதை ரிசீவர் பெட்டியே கட்டளையிடுகின்றது. 13 வோல்ற் மின்சாரத்தை மேலே அனுப்பினால் நிமிர்ந்தவை வரும். 18 வோல்ற் அனுப்பினால் கிடையானவை வரும். உயர்ந்த அலைவரிசைப் பகுதி வேண்டுமாயின் 22 கிலோஹேர்ட்ஸ் சைகை ஒன்றையும் சேர்த்து அனுப்பும்.

ஆகவே கேபிள் வெறும் நீர்க்குழாய் அன்று. மேலிருந்து படம் இறங்குகின்றது. கீழிருந்து ஆணை ஏறுகின்றது. கடையிலே மலிவாகக் கிடைக்கும் ஸ்பிளிட்டரை வாங்கிக் கேபிளைக் கிளைபிரித்தால், முன்னறைப் பெட்டி 13 என்னும். பின்னறைப் பெட்டி 18 என்னும். பின்னறையில் அலைவரிசையை மாற்றிய கணத்தில் முன்னறையிற் படம் மறையும். பழுது பெட்டியில் உள்ளதென்று எண்ணிப் புதுப்பெட்டி வாங்குவோரும் உளர். ஒரே வகை அலையை மட்டும் பயன்படுத்தும் சேவையாயின் ஸ்பிளிட்டரே போதும். அப்பொழுதும் ஒரு பெட்டியே மின்சாரம் அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். படத்தின் வலுவும் ஏறக்குறையப் பாதியாகும்.

நல்ல வழி யாதெனின், தட்டை அப்படியே விட்டு எல்.என்.பி.யை மட்டும் மாற்றுவதாகும். இரண்டு வாய்களை உடைய ‘டுவின்’ எல்.என்.பி. ஒவ்வொரு வாயிலும் தனித்தனி ஆணையைக் கேட்டு நடக்கும். நான்கு வாய் உடையது ‘குவாட்’. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் இழுக்க வேண்டும். கூரைமேல் உள்ள இணைப்புக்களில் மழைநீர் புகாதவாறு காப்பிடவும் வேண்டும். கட்டணச் சேவையாயின் இரண்டாவது பெட்டிக்குரிய அனுமதியையும் மாதக் கட்டணத்தையும் முன்னரே விசாரித்தறிக.

இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாது விடுதல் தகாது. முதலாவது இடி மின்னல். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மலைப்புறங்களில் மாலைதோறும் இடி முழங்கும். மேகம் திரளும்போதே மின்செருகியையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுக. இடி தொடங்கியபின் அவற்றைத் தொடுதல் ஆபத்து. கேபிள் இரண்டாயின் கழற்ற வேண்டியவையும் இரண்டு. ஈரக் கூரைமேல் ஏறுவதும் வேண்டாம்.

இரண்டாவது, கனமழை. பெருமழைத் துளிகள் டிஷ்ஷுக்கு வரும் அலைகளை விழுங்கிவிடும். ஒரே தட்டை நம்பிய பெட்டிகள் இரண்டாயினும், பத்தாயினும் ஒரே நேரத்தில் ஊமையாகும். நமது கேகாலை மாவட்டத்தில் இஃது அற்ப விஷயம் அன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியமையை நாம் மறந்திலோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை விடுப்பது கனமழை நாட்களிலேதான்; டிஷ் கண்மூடுவதும் அதே நாட்களிலேதான்.

ஆதலின் மலைச்சரிவில் வாழும் குடும்பத்தார், இரண்டாவது பெட்டிக்குப் பணம் ஒதுக்குமுன் பற்றரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்று வீட்டில் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையெனின் முதலில் வாங்க வேண்டியது அதுவே. அதன் பின்னர் டுவின் எல்.என்.பி. வரட்டும், பாட்டியும் பேரனும் தத்தமக்கு விருப்பமானதைப் பார்க்கட்டும். செய்தி வேளையிலாவது இரண்டிலொன்றை அணைத்துவிட்டு வீட்டார் ஒருங்கிருப்பின், அதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை.