நந்தி ஏன் திரும்பி இருக்கிறது?

விடுமுறை வந்தால் போதும். பலர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறார்கள். ஒரே நாளில் பத்து இடம்! "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். இது ஊர் பார்ப்பதா? ஓட்டப் பந்தயம்!

மேனாம்பேட்டில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோவில் பக்கத்தில்தான் இருக்கிறது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடிப் பல ஊர்க் குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். ஆனால், ஊர்க்கதை தெரியாது. தெரிந்த பெரியவர்களோ குறைந்து வருகிறார்கள்.

அந்தக் கோவிலில் நந்தி சாமிக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து இருக்கிறது. அவசரமாகக் கும்பிட்டுத் திரும்புகிறவர் கண்ணில் இது படாது. சற்று உட்கார்ந்தால், குழந்தையே காரணம் கேட்கும்.

பூக்கட்டும் பாட்டியிடம் கேளுங்கள். தொண்டைமான் அரசனின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்கியது. அரசன் வாளால் வெட்டினான். ரத்தம் பெருகியது. உள்ளே பார்த்தால், லிங்கம்! பிறகு, பகைவரை வெல்ல அரசனுக்குத் துணையாக நந்தியைச் சிவபெருமான் அனுப்பினாராம். புறப்பட்ட கோலத்திலேயே நந்தி இருக்கிறது என்பது கதை.

பாட்டி மெதுவாகத்தான் சொல்வார். போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டும். பஸ் போனால் போகட்டும். அடுத்த பஸ் வரும்!