வண்டி ஓடினால் மட்டும் போதுமா?

பால்காரர் போகிறார். ஆசிரியர் போகிறார். கணவன், மனைவி, நடுவில் குழந்தை என்று ஒரு குடும்பமே போகிறது. மோட்டார் சைக்கிள் இன்று வீட்டில் ஓர் ஆள் மாதிரி!

மைலேஜ் குறைந்தால் வண்டிக்காரர் கவலைப்படுகிறார். என்ஜினில் சத்தம் கேட்டால் பட்டறைக்கு ஓடுகிறார். ஆனால் சக்கரம், பிரேக், போர்க், செயின் ஆகியவற்றைக் கவனிப்பவர் எத்தனை பேர்?

என்ஜின் கெட்டால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். சக்கரமோ பிரேக்கோ கெட்டால் ஆள் விழுவான்!

சிறிய பின், பெரிய ஆபத்து

பல வண்டிகளில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக். பிரேக் பிடித்ததும், பிரேக் ஷூவைத் தாங்கும் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் ஓர் இரும்புப் பட்டை பிடித்துக்கொள்கிறது.

சக்கரத்தை மாட்டும்போது இந்தப் பட்டையின் போல்டை மறந்தால் என்ன ஆகும்? பிரேக் பிடித்ததும் தட்டு சுற்றும். சக்கரம் இறுகிப்போகலாம். வண்டி கவிழலாம்.

அந்த நட்டு கழலாமல் காப்பது ஒரு காட்டர் பின். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் பலம் இழந்துவிடும். புதிது சில ரூபாய்தான். அதற்குப் பதில் கம்பியைச் சுற்றி அனுப்புவது தவறு!

கழற்றும்போது

வண்டி சமதரையில் நிற்கவேண்டும். சைடு ஸ்டாண்டு போதாது. சென்டர் ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லை அடுக்கி வண்டியைத் தூக்கக்கூடாது.

வாஷர், புஷ் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைக்கவேண்டும். பிரேக் தூசியை ஊதக்கூடாது. பழைய ஷூவில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தவே கூடாது.

பார்க்கும்போது

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பவேண்டும். நடுவில் சிக்கினால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டவேண்டும். ஆடினால் பேரிங்கைப் பார்க்கவேண்டும். சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

மாட்டிய பிறகு

செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். டிஸ்க் பிரேக்கைப் பலமுறை அழுத்தி, பிடி கிடைத்த பிறகே வண்டி நகரவேண்டும். முதலில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் சோதிக்கவேண்டும்.

"இருபது வருஷ அனுபவம். என் கையே கணக்கு" என்பார் மெக்கானிக். அனுபவம் பெரிதுதான். ஆனால் நட்டு குறைவாக முடுக்கினால் கழலும். அதிகம் முடுக்கினால் மரை போகும். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவதே சரி.

குற்றம் மெக்கானிக் மேல் மட்டுமா? "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துபவர் யார்? கூலியில் பேரம் பேசுபவர் யார்? வண்டிக்காரர்தான்!

வேலை முடிந்ததும் பழைய சாமானைக் காட்டச் சொல்லவேண்டும். "புதுப் பின் போட்டீர்களா, அண்ணே?" என்று கேட்கவேண்டும். நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார்.

அரை மணி நேரம் தாமதமாகலாம். கூலி கொஞ்சம் கூடலாம். பின்னால் உட்காரும் மனைவி மக்களின் உயிருக்கு அது அதிக விலை அல்ல!