அகழி காத்ததா, அழுக்கு மூட்டை காத்ததா?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும், "எங்கேயாவது போகலாம்மா" என்று குழந்தைகள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளே, வீட்டுக்காரருக்கு ஷிப்டு இல்லாத அந்த ஒரு நாளிலும் கடைத்தெருதானா? பெங்களூர் நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் சுமார் 100 கிலோமீட்டரில் வேலூர். கதையில் வரும் அகழி சூழ்ந்த கோட்டையைக் கண்ணாரக் காட்டிவிடலாம்.

16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசுக்கு உட்பட்ட சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை இது. உள்ளே 133 ஏக்கர், சுற்றிலும் தண்ணீர். அந்த அகழியில் முதலைகளை விட்டிருந்தார்களாம்! ஊரில் சொல்லும் கதைதான். ஆனால் வாண்டுகள் வாயைப் பிளக்க அது ஒன்று போதாதா? உள்ளே கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கும் ஜலகண்டேஸ்வரர் என்றே பெயர். நெடுங்காலம் பூஜையில்லாமல் கிடந்த அந்தக் கோயிலில் 1981-ல்தான் மறுபடி லிங்கத்தை எழுந்தருளச் செய்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களை அவசரப்படாமல் பாருங்கள்.

இத்தனை காவல் இருந்ததே, ஆபத்து வராமல் இருந்ததா? 1614-ல் வேங்கட ராயர் காலமானதும் ஸ்ரீரங்கர் பட்டத்துக்கு வந்தார். பொறுக்காத ஜக்கராயன் அவரைக் குடும்பத்தோடு சிறை வைத்தான். அகழியைத் தாண்டி வந்த எதிரி இல்லை, உள்ளேயே இருந்தவன்! ராஜவிசுவாசியான யாசம நாயக்கர் ஒரு சலவைத் தொழிலாளியின் உதவியை நாடினார். ராஜகுமாரர்களில் ஒருவனை அழுக்குத் துணி மூட்டையோடு மூட்டையாக வெளியே கடத்திவிட்டார் அந்தப் புண்ணியவான். மற்றவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். தப்பிய பிள்ளைதான் பிறகு ராமதேவ ராயர் என்று அரசாண்டது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும், நினைத்துப் பாருங்கள்!

1806-லும் அதே கதைதான். புது மாதிரித் தலைப்பாகை, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று வெள்ளைக்காரர்கள் உத்தரவு போட்டார்கள். மனம் புண்பட்ட சிப்பாய்கள் ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் பொங்கி எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அவர்களை அடக்கிவிட்டது. 1857-க்கு அரை நூற்றாண்டு முந்திய புரட்சி அது.

நாமும் சொந்த ஊரை விட்டு வந்து, புது இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். பூட்டு வேண்டியதுதான். ஆனால் ஆபத்து சமயத்தில் குழந்தையை நம்பி ஒப்படைக்கப் பக்கத்து வீட்டில் ஒரு நல்ல மனுஷி வேண்டாமா? அந்த ராஜகுமாரனைக் காப்பாற்றியது அகழி இல்லையே!

புறப்படும்போது எலுமிச்சை சாதம், தயிர் சாதம், நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்குள் சுற்றி முடியுங்கள். அகழிக் கரையில் மட்டும் சின்னதுகளின் கையை விடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிட்டுப் பாருங்களேன்!