பித்தப்பை எடுத்தாச்சா? பித்தநீர் மாத்திரை உண்மையிலேயே தேவையா?

பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களைக் குறிவைத்து ஆன்லைனில் விற்கப்படுகிறது 'ஆக்ஸ் பைல்' மாத்திரை. மாட்டுப் பித்தநீரைக் காயவைத்துப் பொடியாக்கி, கேப்ஸ்யூலில் அடைத்தது. "பித்தப்பை போயிடுச்சு, இனி கொழுப்பு செரிக்காது, வெளியிலிருந்து எடுத்துக்கணும்" என்பதுதான் விளம்பர வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஆரம்பமே தப்பு.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதைச் சேமித்து அடர்த்தியாக்கும் சின்ன பை, அவ்வளவுதான். கொள்ளளவு சுமார் 50 மில்லி. டேங்கை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் பெரும்பாலானோர் சில வாரங்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அப்போ சிலருக்கு மட்டும் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு ஏன்?

சிறுகுடலின் கடைசிப் பகுதி, பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சி கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். பித்தப்பை இல்லாதபோது பித்தநீர் இடைவிடாமல் இறங்குவதால், சிலருக்கு கூடுதல் அளவு பெருங்குடலுக்குத் தப்பிச் செல்கிறது. அங்கே அது தண்ணீரைச் சுரக்க வைக்கிறது. அதாவது பிரச்சினை பற்றாக்குறை அல்ல, மிச்சம். இதற்கு டாக்டர்கள் தரும் கொலஸ்டைரமின், பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. இவர்கள் ஆக்ஸ் பைல் சாப்பிட்டால் போக்கு அதிகமாகலாம்.

டாக்டர் எழுதித் தரும் 'உர்சோ' மாத்திரை வேறு. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலமான இதற்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 1987-ல் ஒப்புதல் தந்தது. ஆனால் எல்லா கல்லும் இதில் கரையாது. பித்தப்பை ஒழுங்காக இயங்கி, கல் சிறிய கொழுப்புக் கல்லாக இருந்தால்தான் வாய்ப்பு. கரைய 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஆகும். கரைந்த பிறகும் 5 ஆண்டுகளில் பாதிப் பேர் வரை மறுபடி கல் வருகிறது. கல்லீரல் நோய் சிலவற்றுக்கும் இதே மருந்துதான்.

பித்த அமிலம் உண்மையிலேயே குறைபவர்களும் உண்டு: சிறுகுடலின் கடைசிப் பகுதி பெரிய அளவில் வெட்டப்பட்டவர்கள், பித்தக் குழாய் அடைத்தவர்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் காரணம் கணையமாகவும் இருக்கலாம். அதற்குத் தேவை என்சைம், பித்தநீர் அல்ல. டெஸ்ட் எடுக்காமல் எது என்று சொல்ல முடியாது.

வலது மேல் வயிற்றில் விடாத வலி, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.