பாலிஷ் போடுமுன் கவிழ்த்துப் பாருங்கள்

கொடைக்கானல் மலையில் ஒரு பழைய பங்களா கைமாறினால் முதலில் வெளியேறுவது படுக்கையறைச் சாமான்கள்தான். சாப்பாட்டு மேசையையும் நாற்காலிகளையும் புதிய உரிமையாளர் வைத்துக்கொள்வார். கொசுவலைத் தூண்கள் நிற்கும் கட்டில் இன்றைய மெத்தை அளவுக்குப் பொருந்தாது. சலவைக்கல் பதித்த முகம் கழுவும் மேசைக்குக் குளியலறை வந்தபின் வேலையில்லை. பெருமாள்மலையில் திரும்பி வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறங்கும் லாரியில் அவை ஏறிவிட்டால், அடுத்து பழைய மரச்சாமான் புதுப்பிக்கும் நம் பட்டறைதான். அங்கே முதல் நாள் நாம் செய்வதில் அந்தப் பொருளின் கதி முடிவாகிறது.

நம்மில் பலர் முதல் நாளே இழைப்பு இயந்திரத்தை எடுக்கிறோம். அது பெரும் தவறு.

இந்தச் சாமான்கள் மலையேறிய வழியை எண்ணிப் பாருங்கள். கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளை அமெரிக்க மிஷனரிகள் கட்டியது 1845-இல். வண்டிகள் மேலேறும் லாஸ் காட் சாலை முடிந்தது 1914-இல். இடைப்பட்ட ஏறக்குறைய எழுபது ஆண்டுகளில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதைதான்; சாமான்கள் சுமையாட்களின் தலையிலும் தோளிலும் ஏறின. ஆகவே அக்காலத்துப் பெரிய கட்டிலோ பீரோவோ கழற்றிப் பூட்டும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் மேலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டில் காலிலும் சட்டத்திலும் ஜோடி சேர்ப்பதற்காக உளியால் வெட்டிய கோடுகள் இருக்கும். இழுப்பறைப் பெட்டி இடுப்பில் இரண்டாகப் பிரியும், மூலைகளில் பித்தளைத் தகடு இருக்கும், கால்கள் திருகிக் கழற்ற வரும். இழுப்பறையின் உள்பலகையையும் பாருங்கள். ஓக்கோ பைனோ என்றால் பெரும்பாலும் கப்பலில் வந்தது. தேக்கு என்றால் நம் ஊர் ஆசாரி இங்கிலாந்து மாதிரியைப் பார்த்துச் செய்தது. மேலே ஒட்டுப்பலகை இல்லாமல் முழு ஈட்டி மரத்தில் இழைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கை யாருடையது என்று எந்த ஏட்டிலும் இல்லை. இருக்கும் ஒரே சாட்சியம் அடிப்பலகையில் உள்ள இழைப்புளித் தடம்தான், அதைத்தான் நாம் தேய்த்து அழிக்கிறோம்.

இங்கிலாந்துப் படுக்கையறையிலும் நம் கரையின் கை உண்டு. நடிகர் டேவிட் காரிக்கின் ஹாம்ப்டன் இல்லத்துக்கு 1770-களில் சிப்பண்டேல் பட்டறை சாமான் செய்துகொடுத்தது. அங்கிருந்த கட்டிலின் திரைச்சீலை சோழமண்டலக் கரையில் சாயம் தோய்த்த பூவேலைத் துணி. அத்துணிக்கு அங்கே தடை இருந்ததால் சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்தது. அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் துணியும் மரமும் ஒரே வரலாறாகப் பாதுகாக்கப்படுகிறது. பழனி மலையில் இருந்து வரும் கட்டிலுக்கும் அதே மரியாதை வேண்டும்.

வேலைக்கு வருவோம். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பூச்சு இளகினால் அது அரக்குப் பாலிஷ். துடைத்து, மேலே மெல்லப் புதுப்பித்தால் போதும். மெலமைனும் பாலியூரித்தேனும் அதன்மேல் ஏறக்கூடாது. பழைய இணைப்பில் இருப்பது வச்சிரப் பசை. இளஞ்சூட்டு நீரில் நெகிழும், மறுபடி ஒட்டும். அங்கே வெள்ளைப் பசையை ஊற்றினால் அடுத்த தலைமுறை அதைப் பிரிக்கையில் கழுந்து முறியும். பனியிலும் மழையிலும் ஊறிய மரத்தைச் சித்திரை வெயிலில் மதுரைக் கொட்டகையில் நிறுத்தினால் பலகை வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், சில வாரம் விட்டுவைத்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரப்படும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

சட்டமும் நினைவிருக்கட்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை. 1920-களின் தொடக்கத்தில் செய்த பங்களாக் கட்டில்கள் இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஈட்டி மரத்துக்கு 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் உண்டு.

ஒவ்வொரு பட்டறையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டுகிறோம். எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த மரம், எப்படிப்பட்ட இணைப்பு, என்ன அளவு, அடிப்பக்கத்தின் படம் ஆகியவற்றைக் கை வைக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். விற்கும்போது அதன் நகலை வாங்குபவரிடம் கொடுங்கள்.