விளக்குக்கு முழு விலை, ஏழைக்கு அரை நிவாரணம்

பொருளுக்குரிய முழு விலையை எல்லோரிடமும் அறவிட வேண்டும்; ஏழைகளின் கையில் மட்டும் சிறிது பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். மின்சாரத்தையும் மண்ணெண்ணெயையும் பற்றி நம் நாட்டில் இன்று வேதவாக்காக ஓதப்படும் கொள்கை இதுவேயாகும். மானியம் செல்வந்தனுக்கும் போய்ச் சேருகிறது, நிவாரணப் பணமோ ஏழையை மட்டுமே நாடிச் செல்கிறது என்று இதற்கு நியாயம் கற்பிக்கின்றனர் பொருளியல் வல்லுநர். கேட்பதற்கு நேர்மையான வாதமாகவே இது தோன்றும். ஆனால் ஒரு கொள்கையை அதன் சொல்லழகு கொண்டு மதிப்பிடுதல் அறிவுடைமையாகாது. ஏழையின் அடுப்படியில் அது என்ன செய்தது என்பதைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். அவ்வாறு அளப்பதற்கு வேண்டிய சான்றுகளை இந்நாட்டின் வரலாறு தாராளமாகவே நமக்குத் தந்திருக்கிறது.

1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலாக எழுந்து நின்றது. பிரதமர் பதவி துறந்தார். ஆளும் வர்க்கம் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டது. எல்லோருக்கும் பொதுவான ஓர் உரிமையிற் கைவைத்தால் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பர் என்பதே அப்பாடம். ஆகவே 1977இன் பின்னர் வழி மாற்றப்பட்டது. முதலில் பங்கீட்டு அரிசி நாட்டின் ஒரு பாதிக்கு மட்டும் என்றாக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதுவும் ஒழிந்து, அதன் இடத்தில் உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வந்தன. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டிய எண்ணெயை விலைக்கு விட்டுவிட்டு, வறியவனுக்கு ஒரு முத்திரையைக் கொடுப்பதே தீர்வு எனப்பட்டது.

அம்முத்திரைக்கு நேர்ந்த கதி யாது? அதன் பெறுமதி ரூபாயில் எழுதப்பட்டிருந்தது. விலைவாசியோ அவ்வெழுத்தை மதிக்கவில்லை. மூன்றாண்டுகளுக்குள் உணவு முத்திரையின் மெய்ப்பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாகத் தேய்ந்துவிட்டது. புதியவர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. முத்திரைப் பட்டியல் மூடப்பட்ட பின்னர் பிறந்த குழந்தைக்கு வயிறு இருந்தது, பெயர் இல்லை. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாத வருமானம் 300 ரூபா என்று வகுக்கப்பட்ட எல்லையும் எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழவில்லை. நாட்கூலிக்காரனும் சிறு வியாபாரியும் சொன்ன தொகையைச் சரிபார்க்க வழியிருக்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியோ செக்ரோலில் சதம் தவறாமற் பதிவாகியிருந்தது. கணவனும் மனைவியும் மலையேறிக் கொழுந்து பறித்த லயக் குடும்பம் அந்தப் பதிவு ஒன்றினாலேயே எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. வறுமையைச் சோதித்து உதவி கொடுக்கும் முறையில், வறுமையை மறைக்கவோ மிகைப்படுத்தவோ இயலாதவனே முதலில் தண்டிக்கப்படுகிறான்.

பழங்கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் நடந்தது பழங்கதையன்று.

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டிக் கடலுக்குப் போகும் சிறு மீனவனுக்கு அது விளக்கின் விலை மட்டுமன்று, தொழிலின் விலையுமாகும். அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் ஏற்றப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். சராசரி என்னும் சொல் மிகவும் வசதியானது. யார்மீது சுமை ஏறியது என்பதை அது சொல்லாது. ஆதலால் நாமே கணக்குப் பார்ப்போம். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் குடிசைக்கு முன்பு அலகு ஒன்றுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக 105 ரூபா. 2022 ஆகஸ்டில் அலகுக்கு 8 ரூபாவும் நிலையான கட்டணம் 120 ரூபாவுமாக அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. ஆறு மாதங்களுள் பன்னிரண்டு மடங்கு! இக்காலத்தில், மாதம் 180 அலகுக்கு மேல் எரிப்போர் அம்மேலதிக அலகுக்குக் கொடுத்த விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவாகவே உயர்ந்தது. இரு மடங்குகூட இல்லை. குளிரூட்டி ஓடும் மாளிகையும் ஒற்றை மின்குமிழ் எரியும் வீடும் தியாகத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டன என்று சொல்ல எவருக்கு நாவெழும்?

இவ்வுயர்வு சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிட்டுவதற்கு நிறைவேற்றப்பட வேண்டிய முன் நிபந்தனைகளுள் ஒன்று என்பதை அன்றைய ஆட்சியாளர் மறைக்கவில்லை. 2023 மார்ச்சில் கடன் அங்கீகரிக்கப்பட்டது. ஏழைகளுக்கென வாக்களிக்கப்பட்ட புதிய நிவாரணமாகிய அஸ்வெசும எப்போது வந்தது? யூலை மாதக் கொடுப்பனவாக! பெப்ரவரியிலிருந்து யூன் வரையான மாதங்களில், கட்டணம் உச்சத்தில் நின்ற வேளையில், பழைய சமுர்த்தியின் சொற்பத் தொகையையே ஏழை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. கட்டணத்தை உயர்த்த ஒரு தீர்மானம் போதுமாக இருந்தது. நிவாரணம் வழங்கவோ விண்ணப்பமும் வீட்டுப் பரிசோதனையும் 22 குறிகாட்டிகளும் வேண்டியிருந்தன. அறவிடும் கை விரைவாகவும் வழங்கும் கை மெதுவாகவும் இயங்குவது தற்செயலன்று. இவ்வரசியந்திரம் எவருக்காகக் கட்டப்பட்டது என்பதன் வெளிப்பாடே அது.

கொடுப்பனவின் அளவையும் நோக்குவோம். தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும், அவற்றுக்கு மேற்பட்ட இரு பிரிவினருக்கு 5,000 ரூபாவும் 2,500 ரூபாவும் என வகுக்கப்பட்டது. இந்த 2,500 ரூபாவை முன்சொன்ன 1,300 ரூபாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யூலைக்கு முந்திய கட்டணம் நீடித்திருந்தால், உதவியின் பாதிக்கு மேல் அரசின் ஒரு கையிலிருந்து புறப்பட்டு மறு கைக்கே திரும்பியிருக்கும். பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. தான் ஏழை என்பதை எழுத்தில் நிரூபிப்பதற்காகப் பிரதேச செயலக வாசலில் நின்ற விதவைக்கு, அன்றைய நாட்கூலியும் போயிற்று. 2023ஆம் ஆண்டில் மின்பட்டியலைச் செலுத்த இயலாமையாற் செய்யப்பட்ட இணைப்புத் துண்டிப்புகள் பத்து இலட்சத்தைத் தாண்டின. அவ்வாண்டு மே, யூன் மாதங்களிலேதான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் நடைபெற்றது. துண்டிக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் எந்த ஒளியிற் படித்தார்கள் என்பதை எந்தக் குறிகாட்டியும் கேட்கவில்லை.

கட்டணம் பின்னர் குறைக்கப்பட்டது உண்மையே. 2023 யூலையிற் குறைந்தது, ஒக்டோபரில் 18 வீதம் ஏறியது. 2024இலும் 2025 தொடக்கத்திலும் மறுபடி குறைந்தது, 2025 யூனில் 15 வீதம் ஏறியது. இவ்வேற்ற இறக்கத்தைக் கண்டு மகிழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். வங்கியில் வைப்புள்ளவன் ஓராண்டின் உயர்வை மறு ஆண்டின் தாழ்வால் ஈடுசெய்துகொள்வான். அன்றாடங் காய்ச்சியோ உயர்ந்த மாதத்தில் தோட்டை அடகு வைக்கிறான். தாழ்ந்த மாதத்தில் அது மீள்வதில்லை.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். மின்சார சபை உற்பத்திச் செலவுக்குக் குறைந்த விலையில் விற்று நட்டத்தில் மூழ்கியது என்பர். மலிவு மண்ணெண்ணெயை டீசலிற் கலந்து கொள்ளையடித்தோர் உண்டு என்பர். இரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நட்டத்தை உண்டாக்கியவர் எவர்? நீர்மின் வளம் தீர்ந்தபின் வேறு மலிவான வழிகளை உரிய காலத்தில் வளர்க்காது, எரிபொருளை எரித்து மின்சாரம் பெறும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தவர் 30 அலகு பாவிக்கும் தொழிலாளியா? கலப்படக்காரனைப் பிடிக்க இயலாத அரசு மீனவனின் தாங்கியில் விலையை ஏற்றியது; கள்வனைப் பிடிக்கச் சோம்பி ஊருக்கே அபராதம் விதித்த காவற்காரனின் கதை இது. செல்வந்தனுக்கும் மானியம் போகிறது என்பது மெய்யானால், அவனிடமிருந்து வரியாக அதனைத் திரும்பப் பெறுங்கள். அதிகம் எரிப்பவன் அதிகம் கொடுக்குமாறு கட்டணப் படிகளைச் செங்குத்தாக்குங்கள். ஏழையின் முதற்படியை உடைத்துவிட்டு அவனுக்கு ஊன்றுகோல் விற்பது சீர்திருத்தமாகாது.

நிவாரணத்தை அடியோடு நிறுத்துங்கள் என்று நாம் கோரவில்லை. இன்று வறியவன் கையிற் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாவும் அவனுக்கு உரியதே. அதைப் பறிப்போர் பக்கத்தில் நாம் நிற்கமாட்டோம். நாம் கேட்பது அதற்கு மேற்பட்டது. ஒரு குடும்பம் மனிதராக வாழ வேண்டிய அடிப்படை அலகுகள், பட்டியலிற் பெயரிருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வீட்டுக்கும் குறைந்த விலையில் உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். ஒரே மின்மானியில் இரு குடும்பங்கள் வாழ நேர்ந்தால் அதனை ஒரு குடும்பத்தின் ஆடம்பரமாகக் கணக்கிடும் அநியாயம் ஒழிதல் வேண்டும். வழங்கப்படும் உதவித்தொகை விலைவாசியோடு தானே உயருமாறு சட்டத்தால் கட்டப்படல் வேண்டும். 1979இன் முத்திரை தேய்ந்ததுபோல் இதுவும் தேய்தலாகாது. கட்டணம் ஏறும் நாளிலேயே உதவியும் ஏறுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பரீட்சைக் காலத்தில் மின்சாரத்தைத் துண்டித்தல் தடுக்கப்படல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் இதிற் செய்யக்கூடியது உண்டு. தத்தம் வகுப்பில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது, எத்தனை பெயர்கள் பட்டியலில் விடுபட்டன என்பதை ஊருக்கு ஊர் எண்ணி எழுதிவைப்போம். தொழிற்சங்கத்தின் முன்பும் மாதர் சங்கத்தின் முன்பும் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணைக்குழுவின் பகிரங்க விசாரணைகளிலும் அவ்வெண்ணிக்கையை வைத்துப் பேசுவோம். 1953இல் மக்கள் ஒன்றுபட்டது எல்லோருக்கும் பொதுவான ஒன்று பறிக்கப்பட்டதனால். பின்னர் வந்த பட்டியல்கள், பெயர் உள்ளவனையும் இல்லாதவனையும் அயல்வீட்டுப் பகைவராக்கிவிட்டன. அப்பகையைக் களைந்து, இருவரும் ஒரே மின்கம்பத்தின் கீழ் நிற்பவர்கள் என்று உணர்த்துவதே நமது முதல் வேலை.