முதலில் செயல், பிறகு கதை: மாணவர்களின் வீடியோ கேம் யோசனைக் கூட்டங்கள் குறித்து

மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளை வளர்க்க ஒரு பணிக்குழுவை அறிவித்தது. அதற்கு முன்பே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகம் டிஜிட்டல் விளையாட்டு வடிவமைப்பை முதுநிலைப் பாடமாகக் கற்பித்துவந்தது. பொறியியல் கல்லூரிகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வீடியோ கேமைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களைக் காண முடிகிறது. மென்பொருள், பயிற்சி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றியெல்லாம் நிறையப் பேசப்படுகிறது. பேசப்படாதது ஒன்று உண்டு. விளையாட்டுக்கான யோசனை எங்கிருந்து வருகிறது? யாருடைய வாயிலிருந்து வருகிறது?

வழக்கமான யோசனைக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது இத்தகைய வகுப்புகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். நான்கு மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். தலைப்பைத் தர ஒரு வாரம்தான் அவகாசம். மகாபாரதத்தை முழுமையாகச் சுற்றித் திரியக்கூடிய ஒரு திறந்த உலகம், இந்திய நகரம் ஒன்றில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை, பிணங்கள் எழுந்துவரும் மருத்துவமனை, குப்பை பொறுக்கித் தூய்மையை வலியுறுத்தும் விளையாட்டு என்று பட்டியல் நீள்கிறது. இதை மாணவர்களின் கற்பனை வறட்சி என்று சொல்வது அநியாயம். அவர்கள் முன்வைக்கப்படும் கேள்வியே பிழையானது. "என்ன கதை?" என்று கேட்டால் கதைதான் வரும். "என்ன தொழில்நுட்பம்?" என்று கேட்டால் தொழில்நுட்பத்தின் பெயர் வரும். "ஆடுபவர் என்ன செய்கிறார்?" என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

முதலில் ஓர் எளிய கணக்கு. நான்கு பேர், பதினாறு வாரங்கள், மற்ற பாடங்களுக்கு நடுவே ஆளுக்கு வாரம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 512 மணி நேரம். அதற்குள் மென்பொருளைக் கற்க வேண்டும், வரைய வேண்டும், நிரல் எழுத வேண்டும், பிழை திருத்த வேண்டும், அறிக்கையும் எழுத வேண்டும். குருக்ஷேத்திரம் அதில் அடங்காது. அடங்காத திட்டத்தின் முடிவும் தெரிந்ததே: இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பாத்திரத்தின் உடையை மட்டும் மாற்றுவது, அல்லது காசு கொடுத்துத் திட்டப்பணியை வாங்குவது. பெரிய கனவு கண்டதற்கு மாணவர் தரும் விலை, தன் கையால் எதையும் முடித்துப் பார்க்காமல் பட்டம் பெறுவது.

மாணவர்களின் கையிலிருந்து பிறந்து உலகம் அறிந்த விளையாட்டுகளின் தொடக்கத்தைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. அமெரிக்காவின் டிஜிபென் நிறுவனத்தில் பயின்ற மாணவர் குழு 2005இல் 'நார்பாக்யுலர் டிராப்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் சிறைப்பட்ட இளவரசி ஒருத்தி தப்ப வேண்டும். அவளால் குதிக்க முடியாது. சுவரில் ஒரு வாசலையும் தரையில் இன்னொரு வாசலையும் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறுவதே அவளுக்கிருந்த வழி. கதை அற்பமானது, செயல் புதியது. அதைக் கண்ட வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்தது. 2007இல் அதே செயலிலிருந்து 'போர்ட்டல்' பிறந்தது.

2005ஆம் ஆண்டிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வேறொரு சோதனையில் இறங்கினர். ஒவ்வொரு விளையாட்டும் ஏழு நாளுக்குள் முடிய வேண்டும். ஒரே ஆள் செய்ய வேண்டும். ஈர்ப்புவிசை போன்ற ஒரே ஒரு கருவைச் சுற்றியே அமைய வேண்டும். இந்த விதிகளுக்குள் அவர்கள் ஒரே பருவத்தில் பல பத்து சிறு விளையாட்டுகளைச் செய்தார்கள். அவற்றில் ஒன்று, ஒட்டும் உருண்டைகளை அடுக்கிக் கோபுரம் எழுப்புவது. அதுவே வளர்ந்து 2008இல் 'வேர்ல்டு ஆஃப் கூ' ஆயிற்று. தம் அனுபவத்தைப் பின்னர் எழுதியபோது, கூடி அமர்ந்து முறைப்படி யோசனை திரட்டிய கூட்டங்கள் தங்களுக்கு ஒருபோதும் பயன் தரவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள்.

இது அவர்களுக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று. குழுவாகக் கூடி, விமர்சனம் இல்லாமல், தோன்றியதையெல்லாம் சொல்லும் முறையை 1950களில் புகழ்பெறச் செய்தவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1958இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நால்வர் கூடிப் பேசித் தந்த யோசனைகளைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. 1987இல் டீல், ஸ்ட்ரோபெ ஆகிய இருவர் செய்த ஆய்வு, அதற்கு ஒரு முக்கியக் காரணத்தைச் சுட்டியது: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார், காத்திருக்கும்போது யோசனை தடைபடுகிறது.

இந்திய வகுப்பறையில் இந்தக் காத்திருப்புக்கு இன்னும் பல அடுக்குகள் உண்டு. கூட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது, அல்லது ஆங்கிலம் நன்றாகப் பேசுபவரின் கையில் நடக்கிறது. மதிப்பெண் அதிகம் பெற்றவர் முதலில் பேசுகிறார். சொந்தமாக உயர்ரகக் கணினியும் கேம் கருவிகளும் வைத்து வளர்ந்தவர், தான் ஆடிய விளையாட்டுகளின் பெயர்களை அடுக்குகிறார். குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர், அப்பெயர்களைக் கேள்விப்பட்டிராததால் தனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறார். பெண்கள் பலருக்குக் கூட்டத்தின் குறிப்பெடுக்கும் வேலை தானாக வந்து சேர்கிறது. அரை மணி நேரம் கழித்துக் 'குழுவின் ஒருமித்த யோசனை' என்று எழுதப்படுவது, உண்மையில் ஒருவர் ஏற்கெனவே ஆடிய விளையாட்டின் நகல்.

இழப்பு இங்கேதான் நேர்கிறது. பேசாமல் இருந்தவருக்குத்தான் தண்ணீர் லாரி வரும் தெருவில் குடங்களின் வரிசை எப்படி நகரும் என்பது தெரியும். மளிகைக் கடையில் கடன் நோட்டைப் பராமரித்த அனுபவமும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தால் வாடிக்கையும் நிற்கும், முதலும் நிற்கும் என்ற கணக்கும் அவரிடம் இருக்கும். விதி, வளம், பற்றாக்குறை, தேர்வு, விளைவு ஆகிய அனைத்தும் அந்த வாழ்வில் உள்ளன. ஒரு விளையாட்டுக்குத் தேவையானவையும் இவையே. அது விளையாட்டாகக் கூடும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

விளையாட்டின் பொருள் அதன் விதியில் இருக்கிறது என்பது இந்நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. வடக்கே ஞான் சௌபர் என்றும் தமிழில் பரமபத சோபானம் என்றும் வழங்கிய ஆட்டத்தில் ஏணிகள் நற்பண்புகள், பாம்புகள் தீக்குணங்கள். ஏறுவதும் வழுக்குவதும் பகடையின் கையில் உள்ளன. ஆடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் தன் விருப்பப்படி மோட்சம் போக முடியாது. இந்த வாழ்க்கைப் பார்வையை அந்தப் பலகை உபதேசமாகச் சொல்லவில்லை. விரலால் காயை நகர்த்தவைத்து உணர்த்துகிறது.

இதற்கு நேர்மாறு, சமூகச் செய்தி தாங்கிவரும் மாணவர் விளையாட்டுகள் பல. தெருவில் கிடக்கும் ஒவ்வொரு நெகிழிப் பைக்கும் 10 புள்ளிகள் என்று வைத்தால், குப்பை அதிகமாகக் கிடக்கும் தெருதான் ஆடுபவருக்குப் பிடித்த தெரு ஆகிவிடும். திரையில் 'தூய்மை காப்போம்' என்ற வாசகம் ஒளிரும். விதியோ 'இன்னும் குப்பை வரட்டும்' என்கிறது. அன்றாடம் அந்தக் குப்பையை உண்மையில் அள்ளுபவர் யார், அவருக்குக் கையுறை உண்டா என்ற கேள்விக்கு அந்த விளையாட்டில் இடமே இல்லை. மதிப்பீட்டுக் குழு வாசகத்தைப் படித்து மதிப்பெண் போடுகிறது.

அப்படியானால் யோசனை எப்படிப் பிறக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இந்திய ரயில்களில் ஆர்.ஏ.சி. பயணச்சீட்டு வைத்திருக்கும் இருவருக்கு ஒரே பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை, இரண்டு இருக்கைகளாகத் தரப்படும். யாராவது பயணத்தை ரத்து செய்தாலோ வராமல் போனாலோ, வரிசைப்படி ஒருவருக்குத் தனிப் படுக்கை கிடைக்கும். அதுவரை, முன்பின் அறியாத இருவர் ஓர் இரவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதில் செயல் ஒன்றே ஒன்று: காலை நீட்டுவது, அல்லது மடக்குவது. ஒருவர் நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும்.

இதைச் சோதிக்கக் கணினி வேண்டாம். ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் போதும். கால்களுக்குப் பதில் தீக்குச்சிகள். ஒருவர் முழங்கால் வலியுள்ள முதியவர். மற்றவர் மறுநாள் தேர்வெழுதப் போகும் மாணவி. இருவருக்கும் தூக்கம் ஒரு கணக்கு, பொறுமை இன்னொரு கணக்கு. சிற்றுண்டிக் கூடத்து மேசையில் இரண்டு முறை ஆடிப் பார்த்தால், இருவரும் மாறி மாறி நீட்டி மடக்கி நியாயமாக நடந்துகொள்வதும், ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போவதும் புலப்படும். உடனே விதியை மாற்றலாம்: ஒருவர் தூங்கிவிட்டால் அவரிடம் கேட்க முடியாது, எழுப்பலாம், அல்லது பொறுத்துக்கொள்ளலாம். இப்போது ஆட்டத்தில் உயிர் வருகிறது. நடுநிசியில் பரிசோதகர் ஒரு படுக்கை காலி என்று வந்து சொல்லும்போது, வரிசையில் முன்னே இருப்பவர் அதை எடுத்துக்கொள்வாரா, மற்றவருக்கு விட்டுக்கொடுப்பாரா என்ற கேள்வி தானாகவே எழுகிறது. கதை அந்த இடத்தில் தொடங்குகிறது; யாரும் அதை முன்கூட்டி எழுதவில்லை.

இவ்வளவு சாதாரணமான செயலிலிருந்து நல்ல விளையாட்டு வருமா என்று ஐயுறுவோருக்கு விடை ஏற்கெனவே உண்டு. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் ஆடுபவர் செய்வது, எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவது மட்டுமே. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அதில் ஆடுபவரின் முதன்மைச் செயல், சிதைந்துபோன சமையல் குறிப்பின் விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைப்பது. இழந்ததை மீட்டெடுக்கும் ஏக்கம் அந்தச் செயலிலேயே கலந்திருக்கிறது.

மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இதிகாசங்கள் நம் செல்வமல்லவா, அவற்றை ஏன் விலக்க வேண்டும் என்பது. விலக்க வேண்டியதில்லை. சூதாட்ட மண்டபத்தின் ஒரே ஒரு பகடை வீச்சை எடுத்துக்கொண்டு, 'எப்போது எழுந்து போவது?' என்ற ஒற்றை முடிவைச் சுற்றி விளையாட்டு அமைத்தால் அது 512 மணி நேரத்தில் அடங்கும். இரண்டாவது, வேலைக்கு எடுப்பவர்கள் பளபளப்பான காட்சிகளைத்தானே கேட்கிறார்கள் என்பது. காட்சிக் கலைஞராக விரும்புபவருக்கு அது பொருந்தும். வடிவமைப்பாளராக விரும்புபவரோ, எதை முடித்தார், எதை ஏன் மாற்றினார் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். பாதியில் நின்ற பெரிய உலகத்தால் அதைக் காட்ட இயலாது.

மூன்றாவது மறுப்பே கனமானது. வாழ்விலிருந்து எடுங்கள் என்று சொன்னால், ஏழை மாணவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவரும் தம் துயரத்தை மேசையில் வைக்கக் கட்டாயப்படுத்தப்படுவார்களே? இந்த ஆபத்து உண்மையானது. ஆகவே கேட்கப்பட வேண்டியது துயரமன்று, திறமை. "உனக்கு நேர்ந்தது என்ன?" என்பதற்குப் பதிலாக, "உனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த, மற்றவர் அறியாத ஒரு வேலை எது?" என்று கேட்கலாம். கடன் நோட்டைக் காப்பது திறமை. கூட்ட நெரிசலில் ஜன்னலோர இடம் பிடிப்பதும் திறமை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அந்த மாணவரின் உரிமை. தன் ஊரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் நிலாவில் நடக்கும் விளையாட்டைச் செய்யவும் அவருக்கு முழு உரிமை உண்டு.

மாற்றம் ஆசிரியர்களிடமிருந்தும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்தும் தொடங்க வேண்டும். பிரச்சினை, இப்போதுள்ள அமைப்பு, முன்மொழியப்படும் அமைப்பு, பகுதிகள், தொழில்நுட்பம் என்ற வரிசை, அலுவலக மென்பொருளுக்காக வகுக்கப்பட்டது. விளையாட்டுக்கு அது பொருந்தாது. முதல் மதிப்பீட்டில் மாணவர்கள் சிலைடுகளுக்குப் பதிலாக ஒரு தாள் ஆட்டத்தைக் கொண்டுவரட்டும். மதிப்பிடுபவர் அதை ஐந்து நிமிடம் ஆடட்டும். கைவிட்ட மூன்று யோசனைகளுக்கும், கைவிட்ட காரணங்களுக்கும் மதிப்பெண் இருக்கட்டும். தலைப்பை இரண்டாம் வாரத்திலேயே பூட்டிவிடாமல், ஐந்தாம் வாரம் வரை மாற்ற அனுமதி இருக்கட்டும்.

கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மௌனம் போதும். ஒவ்வொருவரும் தமக்கு எளிதான மொழியில், ஒரு தாளில் மூன்று வினைச்சொற்களை எழுதட்டும்: மடக்கு, பங்கிடு, காத்திரு என்பதுபோல. தாள்களில் பெயர் வேண்டாம். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிய பிறகே பேச்சு தொடங்கட்டும். அப்போது யார் சரளமாகப் பேசுகிறார் என்பது முக்கியமிழக்கும். எந்தச் சொல்லை வைத்து ஆட முடிகிறது என்பதே முக்கியமாகும். இதுவரை வாய் திறக்காதவரின் தாளும் அந்த மேசையில் மற்றவற்றோடு சமமாகக் கிடக்கும்.